காய்ச்சல் போய்விட்டது... கவலை ஏன் போகவில்லை?

கொரோனாவும் ஆண்களின் குழந்தைப்பேறும்: ஏலமலை அடிவாரத்திலிருந்து ஒரு சிறப்புப் பார்வை

விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தேனி மாவட்டத்துத் தேவாரத்தில் மேற்கு மலை இன்னும் கறுப்பாகத்தான் நிற்கும். டீக்கடை வெளிச்சத்தில் ஜீப்புகள் வரிசைகட்டும். தூக்குவாளியும் மழைக்காகிதமும் தலையில் கட்டிய துண்டுமாக ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஏறுவார்கள். போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ வண்டி மலையேறி, கேரள எல்லைக்குள் தோட்டத்து வாசலில் இறக்கிவிடும் வரை பேச்சு ஓயாது. நகை அடகு, மகளிர் குழுக் கடன், காய் எடுப்புக் கூலி என்று போகும் பேச்சு எப்படியும் ஒரு இளம்பெண்ணிடம் வந்து நிற்கும்.

"ஏத்தா, கல்யாணமாகி மூணு வருசமாச்சே... இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா?"

அவள் சிரித்து மழுப்புவாள். அதற்குள் ஒருத்தி போடியில் ஒரு லேடி டாக்டரைச் சொல்வாள். இன்னொருத்தி ஒரு கோயில் நேர்த்திக்கடனைச் சொல்வாள். அவள் புருஷனிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. இரண்டாவது அலையில் அவனுக்குக் கொரோனா வந்து, பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவனாக இருக்கலாம். 'அந்த நோய்தான் காரணமோ? இல்லை, அதுக்கப்புறம் போட்ட ஊசியோ?' என்று அவன் மனசுக்குள் அரித்துக்கொண்டிருக்கலாம். ஆனால், அதை வாய்விட்டுக் கேட்க அவனுக்கு ஓர் இடம் இல்லை.

தமிழ்நாட்டில் மட்டும் 36 லட்சம் பேருக்கு மேல் கொரோனா உறுதியானது. அவர்களில் கல்யாண வயதிலும் குழந்தைக்குக் காத்திருக்கும் வயதிலும் இருந்த ஆண்கள் ஏராளம். அவர்களின் சந்தேகத்துக்கு அறிவியல் இன்று ஓரளவு தெளிவான பதிலே வைத்திருக்கிறது. அந்தப் பதில் தேவாரத்துக்கும் போடிக்கும் சின்னமனூருக்கும் வந்து சேராததுதான் பிரச்னை.

வைரஸ் எங்கே கைவைக்கிறது?

கொரோனா நுரையீரல் நோய் என்றுதான் அறிமுகமானது. ஆனால், அந்த வைரஸ் உடம்புக்குள் நுழையப் பயன்படுத்தும் 'ஏசிஇ-2' என்ற புரதம் நுரையீரலில் மட்டும் இருப்பதல்ல. இதயத்தில், சிறுநீரகத்தில், குடலில் இருக்கிறது. ஆணின் விரைகளிலும் இருக்கிறது. விந்தணுவுக்கு ஊட்டம் தரும் செல்களிலும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனைச் சுரக்கும் செல்களிலும் அது காணப்படுவதால்தான் 2020-லேயே மருத்துவர்கள் ஆண்களின் கருவளம் பற்றிக் கவலைப்படத் தொடங்கினார்கள்.

அந்த ஆண்டு மே மாதம் சீனாவின் ஹெனான் மாகாணத்திலிருந்து வந்த ஆய்வு உலகத்தையே பயமுறுத்தியது. ஷாங்சியூ நகர மருத்துவமனையில் 38 ஆண்களைப் பரிசோதித்ததில் 6 பேரின் விந்தில் வைரஸின் தடயம் கிடைத்தது. பின்னால் வந்த பெரும்பாலான ஆய்வுகளில் அப்படி எதுவும் கிடைக்கவில்லை. வைரஸ் விந்தில் குடியிருந்து பரவுகிறது என்ற பயம் அதோடு அடங்கியது.

இன்னொரு கவலைக்கு மட்டும் ஆதாரம் சேர்ந்துகொண்டே வந்தது. கொரோனாவில் இறந்தவர்களின் விரைகளைச் சோதித்தபோது அழற்சியும் செல் சிதைவும் தெரிந்தன. இத்தாலியின் மிலான் நகரில், மருத்துவமனையில் சேரும் அளவுக்கு நோய் முற்றிய ஆண்களில் மிகப் பலருக்கு டெஸ்டோஸ்டிரோன் சரிந்திருந்தது. அவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், ஏழு மாதம் கழித்தும் பாதிப்பேருக்கு மேல் அது பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

வைரஸை விட்டுவிட்டாலும் காய்ச்சல் ஒன்றே போதும். உடம்பின் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவாக இருந்தால்தான் விந்தணு ஒழுங்காக உற்பத்தியாகும். விரைகள் உடம்புக்கு வெளியே பையில் தொங்கும்படி இயற்கை அமைத்திருப்பது அதற்காகத்தான். நாலைந்து நாள் கொதிக்கும் காய்ச்சல், அது எந்த வைரஸால் வந்தாலும், உற்பத்தியைக் குலைத்துவிடும்.

74 நாள் கணக்கு

ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாள் ஆகிறது. அதன்பின் அது முதிர்ந்து வெளியேறும் பாதையில் மேலும் இரண்டு வாரம் போல் ஆகும். ஆக மொத்தம் மூன்று மாதம். ஏலக்காய்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்று பறிக்கிற காய் மூன்று, நான்கு மாதம் முன்னால் சரத்தில் பூத்தது. பூத்த நேரத்தில் மழை பொய்த்திருந்தால் இன்றைய காயில் அது தெரியும். விந்துப் பரிசோதனையும் அப்படித்தான். இன்றைய ரிசல்ட், மூன்று மாதம் முன்னால் அந்த உடம்பு எப்படி இருந்தது என்பதைத்தான் காட்டும்.

இந்தக் கணக்கு தெரியாமல்தான் பலர் உடைந்துபோகிறார்கள். காய்ச்சல் விட்ட ஒரு மாதத்தில் டெஸ்ட் எடுத்து, 'கவுன்ட் கம்மி' என்ற தாளைக் கையில் வாங்கிக்கொண்டு, வாழ்க்கையே முடிந்ததாக நினைக்கிறார்கள். அந்தத் தாள் காட்டுவது காய்ச்சல் காலத்தின் சேதத்தை.

பாட்னா எய்ம்ஸ் மருத்துவர்கள் 2020 அக்டோபர் முதல் 2021 ஏப்ரல் வரை, 19 முதல் 45 வயது வரையுள்ள 30 ஆண்களை இந்தக் கணக்கை வைத்தே பரிசோதித்தார்கள். யாருடைய விந்திலும் வைரஸ் இல்லை. முதல் பரிசோதனையில் 12 பேருக்கு எண்ணிக்கை குறைவு. 74 நாள் இடைவெளி விட்டு மறுபடி பார்த்தபோது 3 பேருக்குத்தான் குறைவு நீடித்தது. மற்ற அளவுகள் எல்லாம் முழுசாகச் சீராகிவிடவில்லை என்றாலும், மீட்சி கண்கூடாகத் தெரிந்தது.

---

■ பெட்டிச் செய்தி 1: உலகம் அளந்து பார்த்தது

• பெல்ஜியம், 2021: குணமான 120 ஆண்கள். ஒரு மாதத்துக்குள் சோதித்தவர்களில் 60 சதவீதம் பேருக்கு விந்தணுவின் நகரும் திறன் குறைவு. இரண்டு மாதம் தாண்டியவர்களில் அது 28 சதவீதம். எண்ணிக்கைக் குறைவு 37 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாக இறங்கியது.

• மும்பை, 2022: ஐஐடி மும்பையும் ஜஸ்லோக் மருத்துவமனையும் செய்த ஆய்வு. லேசான, நடுத்தரப் பாதிப்பிலிருந்து குணமான 17 ஆண்களின் விந்தில் கருவளத்தோடு தொடர்புள்ள சில புரதங்களின் அளவு மாறியிருந்தது.

• அமெரிக்கா, 2022: பாஸ்டன் பல்கலைக்கழகம் 2,126 பெண்களையும் அவர்களின் துணைவர்களையும் தொடர்ந்து கவனித்தது. ஆணுக்குத் தொற்று வந்த 60 நாளுக்குள் கருத்தரிக்கும் வாய்ப்பு 18 சதவீதம் குறைந்தது. அதன்பின் வித்தியாசம் இல்லை.

• ஸ்பெயின், 2023: கருத்தரிப்பு மையங்களுக்கு வந்த 45 ஆண்கள். லேசான தொற்றுக்குப் பின் விந்தணு அடர்த்தி முன்பைவிட 26.5 சதவீதம் குறைந்திருந்தது. நூறு நாள் தாண்டியும் அது சீராகவில்லை.

---

ஸ்பெயின் முடிவு கவலை தருவதுதான். ஆனால், 45 பேரை வைத்து எடுத்த முடிவு அது. எல்லா ஆய்வுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் கிடைக்கும் தீர்ப்பு இது: கொரோனா ஆணின் கருவளத்தைத் தொடுகிறது, பெரும்பாலோருக்கு அந்தப் பாதிப்பு சில மாதங்களில் சரியாகிறது, சிலருக்கு இழுத்தடிக்கிறது. யாருக்கு இழுத்தடிக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, டெஸ்ட் எடுத்துப் பார்ப்பது.

ஊசி மேல் விழுந்த பழி

2021 ஜனவரி 16. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் தமிழகத்தின் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. ஆனால், ஊசி வருவதற்கு முன்னாலேயே வதந்தி வந்துவிட்டது. ஊசி போட்டால் ஆண்மை போய்விடும் என்று உத்தரப் பிரதேச அரசியல்வாதி ஒருவரே பேசினார். கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டுக்கும் அனுமதி தந்த ஜனவரி 3 அன்றே, அந்தப் பேச்சு முழு அபத்தம் என்று நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி வி.ஜி.சோமானி பகிரங்கமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 2017 பிப்ரவரியில் குழந்தைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடத் தொடங்கியபோதும் வாட்ஸ்அப் வதந்தியால் பெற்றோர் பலர் பள்ளி வாசலிலேயே பிள்ளைகளைத் திருப்பி அழைத்துப் போனார்கள். 2021 ஏப்ரலில் நடிகர் விவேக், ஊசி போட்ட இரண்டாம் நாள் மாரடைப்பில் காலமானபோது பயம் இன்னும் கூடியது. அவர் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் நிபுணர் குழு பின்னர் அறிவித்தது. அந்த அறிவிப்பு வதந்தி ஓடிய வேகத்தில் ஓடவில்லை.

ஆண்களின் கருவளத்தைப் பொறுத்தவரை, ஊசி பற்றிய கேள்வியை நேராகவே சோதித்துவிட்டார்கள். அமெரிக்காவின் மயாமி பல்கலைக்கழகத்தில் ரஞ்சித் ராமசாமி தலைமையிலான குழு, ஃபைசர், மாடர்னா ஊசி போடப்போகும் 45 ஆண்களின் விந்தை முதல் ஊசிக்கு முன்பு ஒரு முறையும் இரண்டாம் ஊசி முடிந்து சுமார் 70 நாள் கழித்து ஒரு முறையும் சோதித்தது. எண்ணிக்கையோ நகரும் திறனோ குறையவில்லை. முன்னால் சொன்ன பாஸ்டன் ஆய்விலும் ஊசி போட்ட தம்பதிகளுக்கும் போடாத தம்பதிகளுக்கும் கருத்தரிப்பில் வித்தியாசம் இல்லை. குறைவு தெரிந்தது நோய் வந்த ஆண்களிடம்தான். பழி ஊசிக்கு, சேதம் நோயால். குழந்தைக்குப் பயந்து ஊசியை ஒதுக்கியவர்கள், எதைத் தவிர்க்க நினைத்தார்களோ அதற்கே கதவைத் திறந்துவிட்டார்கள்.

---

■ பெட்டிச் செய்தி 2: பொன்னுக்கு வீங்கியை மறக்க வேண்டாம்

இருமலாலும் தும்மலாலும் பரவி, ஆணின் விரையைத் தாக்கும் வைரஸ்களில் நமக்குப் பழக்கமானது பொன்னுக்கு வீங்கி. கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டால் இறங்கும் என்ற நம்பிக்கை இன்றும் இருக்கிறது. சின்ன வயதில் வந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. பருவம் வந்த பிறகு, தடுப்பூசி போடாத ஆணுக்கு வந்தால் 15 முதல் 30 சதவீதம் பேருக்கு விரை வீங்கும். வீங்கிய விரைகளில் ஏறக்குறைய பாதி பின்னால் சுருங்கிவிடலாம். பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டுமே பாதிப்பதால் முழு மலட்டுத்தன்மை அரிது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான எம்எம்ஆர் ஊசி இதைத் தடுக்கும். ஆனால், அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இருப்பது தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்கும் மட்டுமான ஊசி. பொன்னுக்கு வீங்கிக்கான பாதுகாப்பு, தனியாரிடம் காசு கொடுத்து வாங்க முடிந்தவர்களின் பிள்ளைகளுக்குத்தான்.

---

பழி சுமப்பவள் பெண்

குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் குழந்தையின்மையைச் சந்திக்கிறார். இவ்வளவு பரவலான ஒரு விஷயத்தில் நம் வீடுகளில் நடக்கும் வரிசை என்ன? முதலில் மருமகளுக்கு ஸ்கேன். பிறகு ரத்தப் பரிசோதனை. பிறகு கருக்குழாய் பரிசோதனை. அது வலி மிகுந்தது. அதற்கும் பிறகு ஊர் ஊராகக் கோயில், விரதம், மண்சோறு. கடைசியாக, மிகக் கடைசியாக, மகனுக்கு ஒரு டெஸ்ட். அதையும் 'என் பிள்ளைக்கு என்ன குறைச்சல்?' என்று தடுக்கும் மாமியார்கள் இருக்கிறார்கள்.

விந்துப் பரிசோதனை சில நூறு ரூபாயில் முடிவது. ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை, வலி இல்லை. அதை முதலில் செய்தால் பெண் படும் வேதனையில் பெரும்பகுதி மிச்சமாகும். கொரோனாவுக்குப் பிறகு இந்த வரிசையை மாற்றுவது இன்னும் அவசரமாகிவிட்டது. காய்ச்சலால் தற்காலிகமாகக் குறைந்த ஆணின் எண்ணிக்கையைக் கவனிக்காமல் அவன் மனைவிக்கு மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

தோட்டக் கூலியில் அன்றாடம் ஓடும் குடும்பத்துக்கு ஒவ்வொரு டாக்டர் பயணமும் ஒரு நாள் சம்பளத்தை விழுங்கும். தேனிக்கோ மதுரைக்கோ போனால் இரண்டு பேரின் கூலி போய்விடும். தவறான வரிசையில் தொடங்கும் வைத்தியம், காட்டை அடகு வைக்கும் வரை கொண்டுபோய் நிறுத்துகிறது.

பயத்தை விற்றுப் பிழைப்பவர்கள்

வெட்கம் இருக்கும் இடத்தில் வியாபாரிக்கு வேலை எளிது. பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைச் சுவரிலிருந்து நள்ளிரவுத் தொலைக்காட்சி வரை 'ஆண்மைக் குறைவா?' என்று கேட்கும் விளம்பரங்களை நாம் பார்த்துக்கொண்டேதான் வளர்ந்தோம். மாதம் ஒருமுறை லாட்ஜில் அறை போட்டு உட்காரும் வைத்தியர்கள் கொடுக்கும் லேகியத்தில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. இப்படிப்பட்ட விளம்பரங்களை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. எழுபது ஆண்டாகச் சட்டம் இருக்கிறது, விளம்பரமும் இருக்கிறது.

இன்னொரு ஆபத்து புதியது. நோய்க்குப் பின் சோர்வும் நாட்டமின்மையும் வந்தவர்கள், டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் எல்லாம் சரியாகும் என்று யார் பேச்சையோ கேட்டுப் போட்டுக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து அந்த ஹார்மோன் வந்ததும், மூளை விரைகளுக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி அடங்கி, எண்ணிக்கை பூஜ்யம் வரை போகலாம். குழந்தை வேண்டும் என்று நினைக்கும் ஆண் தொடவே கூடாத ஊசி அது.

தாம்பத்தியம் இயல்பாக இருப்பதால் கருவளமும் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. உறவில் ஒரு குறையும் இல்லாத ஆணின் விந்தில் ஒரு விந்தணுகூட இல்லாமல் இருக்கலாம். உறவில் தடுமாறும் ஆணின் எண்ணிக்கை சரியாக இருக்கலாம். இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் டெஸ்ட்டுக்குப் போவதையே தன் மானத்துக்கு வைக்கும் பரீட்சையாக ஆண்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

மலை சேர்க்கும் சுமை

ஏலமலை அடிவாரத்தில் கொரோனாவை மட்டும் பேசிவிட்டு நிறுத்த முடியாது. இந்தியாவில் பூச்சிமருந்து மிக அதிகமாக அடிக்கப்படும் பயிர்களில் ஏலக்காயும் ஒன்று. இலைப்பேனுக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் வருடத்தில் பலமுறை மருந்து அடிப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். முகத்தில் ஒரு துண்டைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லாதவர்கள். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகளோடு பழகும் ஆண்களிடம் விந்தின் தரம் குறைவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

1977-ல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லாத்ராப் என்ற ஊரில், டிபிசிபி என்ற புழுக்கொல்லி மருந்தைத் தயாரித்த ஆலையின் தொழிலாளர்கள், தங்களில் பலருக்குக் குழந்தையே பிறக்கவில்லை என்பதைத் தங்களுக்குள் பேசித்தான் கண்டுபிடித்தார்கள். சோதித்தபோது பலருக்கு விந்தணு மிகக் குறைவு. சிலருக்கு அறவே இல்லை. இரண்டே ஆண்டில் அந்த மருந்தின் பெரும்பாலான பயன்பாட்டுக்கு அங்கே தடை வந்தது. அந்த ஆண்கள் வெட்கப்பட்டு வாய்மூடியிருந்தால் எதுவும் நடந்திருக்காது.

மருந்தோடு சூடும் சேர்கிறது. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் இரவு முழுக்க அனலில் நிற்பவர்களுக்கும், எஞ்சின் சூட்டின் மேல் மணிக்கணக்கில் உட்காரும் டிரைவர்களுக்கும், உடம்பு குளிர வேண்டிய இடத்தில் குளிர்வதில்லை. பீடி, மது, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். கொரோனாவோ வேறு காய்ச்சலோ வந்து போன உடம்பு மீளும் அந்த மூன்று மாதத்தில் இவை அத்தனையும் குறுக்கே நிற்கின்றன.

---

■ பெட்டிச் செய்தி 3: ஆண்கள் செய்ய வேண்டியது

• கடும் காய்ச்சலோ கொரோனாவோ வந்திருந்தால், குணமாகி மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை எடுங்கள். அதற்கு முன் எடுத்து அளவு குறைந்திருந்தால் பயப்படாமல் மறுபடி எடுங்கள்.

• பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் உறவு இடைவெளி வேண்டும். மாதிரியைச் சூடு ஆறாமல் ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும்.

• உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி குறைந்தபட்ச அளவுகள்: விந்து 1.4 மில்லி, அடர்த்தி ஒரு மில்லிக்கு 1.6 கோடி, நகரும் விந்தணு 42 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். இதற்குச் சற்றுக் கீழே இருந்தாலும் இயல்பாகக் குழந்தை பிறக்க வாய்ப்பு உண்டு.

• ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கரு தரிக்கவில்லை என்றால் கணவன், மனைவி இருவரும் ஒரே நாளில் டாக்டரிடம் போங்கள். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே போங்கள்.

• விரையில் வலியோ வீக்கமோ வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

---

அரசு செய்ய வேண்டியது

சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் செயற்கைக் கருத்தரிப்பு மையம் வந்திருப்பது நல்ல தொடக்கம். ஆனால், தேவாரத்துத் தொழிலாளிக்குச் சென்னை வெகு தூரம். க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், வாரத்தில் ஒரு நாளாவது ஆண்களின் கருவளத்துக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவு வேண்டும். அங்கே கூச்சமில்லாமல் பேச ஓர் ஆலோசகர் வேண்டும். விளம்பர வைத்தியர்கள் மீது 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பயன்படுத்த வேண்டும். பொன்னுக்கு வீங்கிக்கான ஊசியை இலவசத் திட்டத்தில் சேர்க்க மாநில அரசு மத்திய அரசை வற்புறுத்த வேண்டும். ஏலத்தோட்டங்களில் மருந்து அடிப்பவர்களுக்குக் கையுறை, முகக்கவசம், முழு உடை ஆகியவற்றைத் தருவது தோட்ட முதலாளியின் கடமை என்பதைக் கேரள, தமிழக அதிகாரிகள் சேர்ந்து உறுதிசெய்ய வேண்டும்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. காய்ச்சலோ கொரோனாவோ வந்தது உங்கள் குற்றமல்ல. அதனால் எண்ணிக்கை குறைந்திருந்தாலும் அது குற்றமல்ல. பெரும்பாலும் நிரந்தரமும் அல்ல. ஆனால், தெரிந்துகொள்ளாமல் இருந்துவிட்டு, அந்தப் பழியை வீட்டிலிருக்கும் பெண் சுமக்க விடுவது குற்றம். அடுத்த முறை மனைவியை டாக்டரிடம் அனுப்பும் முன், முதல் டெஸ்ட்டை நீங்கள் எடுங்கள்.